நீலக் குண்டூசி

வானத்தில் விமானம் போனால் ஹோல்கர் பேச்சை நிறுத்திவிடுவார். கையில் காபிக் கோப்பை இருந்தால் அது மேசைக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நிற்கும். சத்தம் தேய்ந்து, நீரிணையைத் தாண்டி கோபன்ஹேகன் பக்கம் அடங்கிய பிறகுதான் கோப்பை நகரும். பேச்சும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். "ஆகவே" என்று நின்றிருந்தால் அதற்கு அடுத்த சொல்லிலிருந்து. கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து குன்வோர் இதைப் பார்த்து வருகிறாள்.

லிண்டபியில் மற்றவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஸ்வீடனின் தெற்கு ஓரத்தில் பீட்ரூட் வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. அங்கே யாரும் யாரையும் எதையும் நேராகக் கேட்பதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்வார்கள். தப்பாகத் தெரிந்துகொண்டாலும் அதைக் கேட்காமலே வைத்துக்கொள்வார்கள். ஹோல்கர் கோப்பையோடு உறைந்து போகிறபோது மற்றவர்களும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொள்வார்கள். பூமி சூடேறுவதை நினைத்து மனிதர் துக்கப்படுகிறார் என்பது அவர்கள் எண்ணம்.

அது துக்கம் இல்லை என்று குன்வோருக்கு மட்டும் தெரியும்.

கல்யாணமான மறு வருஷம் இருவரும் சுற்றுலாக் கூட்டத்தோடு மயோர்க்கா தீவுக்குப் பறந்து போனார்கள். அப்போது எல்லாரும் அப்படித்தான் போவார்கள். திரும்பும்போது வைக்கோல் தொப்பியும் தோலுரிந்த மூக்குமாக வருவார்கள். திரும்பி வருகிற வழியில் பிரான்ஸுக்கு மேலே எங்கோ விமானம் கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கியது. மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. ஹோல்கர் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். கால்சட்டை நனைந்துவிட்டது. குன்வோர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர் மடியில் போட்டு மறைத்தாள். இறங்கியதும் அதை அவர் இடுப்பில் கட்டி, ஒன்றும் நடக்காதது போல வெளியே கூட்டி வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதை யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

சொல்லவில்லை. தனக்குப் பயமே இல்லை என்பதையும் அவரிடம் சொல்லவில்லை. வாளி இறங்குவதற்கு முன்னால் அவள் ஜன்னல் வழியாகக் கீழே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனி விழுந்த வயல் மாதிரி இருந்தது. ஆனால் அதில் யாருடைய கால் தடமும் இல்லை. இன்னொரு தடவை அதைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. வாக்குக் கொடுத்தபோது அந்த ஆசையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அடுத்த கோடையிலிருந்து ரயில்தான். ஹோல்கர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். கால அட்டவணைகளை இன்பமாகப் படிப்பார். ரோம், புடாபெஸ்ட், லிஸ்பன், ஏதென்ஸ் என்று ஐரோப்பாவில் தண்டவாளம் போகிற இடமெல்லாம் போனார்கள். ஜன்னலோரம் எப்போதும் அவளுக்கு. "நீ நல்லாப் பாரு" என்று அவளை உள்ளே விட்டுவிட்டு அவர் வழியோரம் உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்வார். எழுந்து போகவேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் தூங்கிவிடுவார். அவள் எழுந்திருக்க மாட்டாள்.

ஊரில் அப்போது கேலி. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டோர்ஸ்டென், "ஹோல்கர் போன வருஷம் கிளம்புனான், இன்னும் ஹாம்பர்க் தாண்டல" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஹோல்கரும் சிரிப்பார். கஞ்சன், கிறுக்கன் என்று என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருப்பார்.

பிறகு காலம் புரண்டது. பறப்பது வெட்கத்துக்குரியது என்று இளம்பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். டோர்ஸ்டெனின் பேத்தி அவன் தாய்லாந்து போய் வந்த படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தாள். அப்போதுதான் ஊருக்கு ஞாபகம் வந்தது: இத்தனை வருஷமாக ஒரு மனிதர் பறக்காமலே இருக்கிறாரே! மாவட்டப் பத்திரிகையில் ஹோல்கரின் படம் வந்தது. பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற சோல்வெய்க், 'தரையோடு பயணம்' என்று நூலகத்தில் ஒரு படிப்பு வட்டம் தொடங்கினாள். வட்டத்தில் சேருகிறவர்கள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, இனிப் பறப்பதில்லை என்று சொல்லவேண்டும். சுவரில் பெரிய ஐரோப்பா வரைபடம். யாராவது பயணம் போனால் ஒவ்வொரு ஊரிலிருந்தும் சேதி அனுப்புவார்கள். நூலகத்தில் அவர்கள் குண்டூசியை நகர்த்துவார்கள். ஹோல்கருக்குச் சிவப்பு. குன்வோருக்கு நீலம். இரண்டு ஊசியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகும்.

முதல் கூட்டத்தில் சோல்வெய்க் கேட்டாள். "அந்தக் காலத்துலயே உங்களுக்கு எப்படித் தோணுச்சு ஹோல்கர்? யாருமே நினைக்காதப்ப?"

ஹோல்கர் கொஞ்சம் யோசித்தார். "சில விஷயம் மனசுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்" என்றார்.

குன்வோர் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். சிந்தாமல் ஊற்றினாள். அவள் எழுந்து நின்று உறுதி சொன்னாளா என்று யாரும் கேட்கவில்லை. ஹோல்கர் சொன்னபோது பக்கத்தில் நின்றாள்; அதுவே போதும் என்று விட்டார்கள்.

"குன்வோர் பேச மாட்டா. அவ ஏலக்காய் கேக்குதான் பேசும்" என்பாள் சோல்வெய்க். அது உண்மைதான். தட்டு எப்போதும் காலியாகத் திரும்பும். கடைசித் துண்டை எடுக்க யாருக்கும் கை வராத ஊர் அது. அதைப் பாதியாக வெட்டி, பாதியில் பாதியாக வெட்டி, கடைசியில் நகத்தளவு மிச்சம் வைப்பார்கள். குன்வோரின் கேக்கில் மட்டும் அந்த நகத்தளவும் போய்விடும்.

குன்வோருக்கு மாய் என்று ஒரு தங்கை. அம்மா நுரையீரல் நோயோடு படுத்தபோது குன்வோர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவளை வளர்த்தாள். குன்வோரின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் மாய் தூங்குவாள். வளர்ந்து முடிதிருத்தக் கற்றுக்கொண்டு, குளிரே ஆகாது என்று ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவுக்குப் போய், அங்கே வந்து தங்கும் ஸ்வீடன்காரர்களுக்கு முடி வெட்டுகிற கடை வைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எல்லா ஆம்பளையோட தலையையும் மேலேர்ந்து பாத்துட்டேன்" என்பாள்.

மாய்தான் எப்போதும் வருவாள். குன்வோர் ஒரு தடவையும் போனதில்லை. ஒரே ஒரு தடவை, "நான் மட்டும் தனியா போய்ட்டு வரட்டுமா?" என்று ஹோல்கரிடம் கேட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் அவளே, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அவர் ரொட்டியை எடுத்தார்.

போன ஜூனுக்கு முந்திய ஜூனில் மாய் கூப்பிட்டாள். இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருக்கிறது, நெஞ்சைத் திறக்கவேண்டும், பத்து நாள் கழித்துத் தேதி.

"நான் பயப்படல குன்னி. மயக்க மருந்து குடுக்குறப்ப பக்கத்துல ஒரு ஸ்வீடிஷ் குரல் கேட்டாப் போதும். இங்க நர்ஸுங்க ஸ்பானிஷ்லயே கொஞ்சுதுங்க. போறதுன்னாலும் ஸ்பானிஷ்லதான் போவேன் போலிருக்கு."

"நான் வரேன்" என்றாள் குன்வோர்.

"எதுல? குதிரை வண்டிலயா?"

ஹோல்கர் அன்று மாலையே வழியைப் போட்டுவிட்டார். ஹாம்பர்க், பாரிஸ், லியோன், பார்சிலோனா, மாட்ரிட், காடிஸ், அங்கிருந்து கப்பல். ஒரு வாரம். "தேதிக்கு முன்னாடியே போயிடலாம். தாராளமா." அவர் முகத்தில் பள்ளிக்கூட நாட்களின் உற்சாகம். அவருக்கு மாய் மேல் அன்பு உண்டு. குன்வோர் அதைச் சந்தேகித்ததே இல்லை.

கிளம்புகிற அன்று வட்டம் முழுவதும் நிலையத்துக்கு வந்தது. சோல்வெய்க் குடுவையில் காபி கொண்டுவந்தாள். டோர்ஸ்டென் ஹோல்கரின் முதுகில் தட்டினான். "தங்கச்சிக்கு உயிர் போகுது, அப்பவும் மனுஷன் தரையை விடல. நானா இருந்தா விட்டிருப்பேன்" என்றான். எல்லாரும் அந்த ஊர் வழக்கப்படி மூச்சை உள்ளிழுத்து ஆமாம் என்றார்கள். குன்வோர் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கோபன்ஹேகனில் மாறி, ஜெர்மனிக்குள் போன பிறகு, மத்தியானம் ரயில் வயலுக்கு நடுவில் நின்றது. வெயிலில் தண்டவாளம் எங்கோ நெளிந்துவிட்டதாம். குளிர்காற்று நின்றது. கதவுகள் பூட்டியிருந்தன, ஜன்னல்கள் திறக்கிற வகை இல்லை. இரண்டு பக்கமும் கோதுமை. ஒரு குழந்தை அழுது அழுது ஓய்ந்தது.

ஹோல்கர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். எதிர் இருக்கை டேனிஷ் தம்பதியிடம், "இதுதான் பயணம். பறக்குறவனுக்கு இந்த வயல் கிடைக்குமா?" என்றார். அந்த அம்மாள் விசிறிக்கொண்டே, "எனக்கும் வேணாம், நீங்களே வச்சுக்கங்க" என்றாள்.

அப்போது குன்வோரின் செல்பேசி அடித்தது.

"குன்னி, எங்க இருக்க?"

"ஒரு கோதுமை வயல்ல."

"இங்க தேதியை மாத்திட்டாங்க. ராத்திரி மூச்சு முட்டிடுச்சு. இனிமே தள்ளிப்போட முடியாதாம். நாளன்னைக்குக் காலைல." மாய் மூச்சை இழுத்து விட்டாள். பிறகு, "நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். பரவால்ல. நிதானமா வா" என்றாள். கேலி செய்யாத மாய் குன்வோருக்குப் பழக்கமில்லை.

அவள் ஹோல்கரிடம் சொன்னாள். அவர் அட்டவணையை எடுத்தார். புரட்டினார். அதில் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். "பாரிஸ்லேர்ந்து நேரா..." என்று ஆரம்பித்தார்.

மேலே ஒரு விமானம் ஹாம்பர்கை நோக்கித் தாழ இறங்கியது. ஹோல்கர் நின்றுவிட்டார். கையில் குடுவையின் மூடி. அதில் பாதிக் காபி. சத்தம் பெட்டியின் கூரை மேல் உருண்டு போனது. குன்வோர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. அவரைத் தாண்டி வழி. அதற்கு அப்பால் பூட்டிய கதவு. அவளுக்குக் காது மடல் எரிந்தது, யாரோ கிள்ளியது போல.

"...நேரா மாட்ரிட் போனா" என்று ஹோல்கர் முடித்தார்.

"ஹோல்கர், ஹாம்பர்க்ல நான் இறங்கிக்கிறேன்."

அவர் அட்டவணையை மடித்துப் பையில் வைத்தார். ரயில் கிளம்பி, ஹாம்பர்க் வந்து, இருவரும் நடைமேடையில் இறங்கினார்கள். ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவர் அவளுடைய பெட்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தார்.

"வட்டத்துல கேப்பாங்க" என்றார்.

"வட்டம் எதையும் கேக்காது. உனக்குத் தெரியாதா?"

"அது இல்ல." அவர் குரல் இறங்கியது. "நீ மேல இருக்குறப்ப... நீ இறங்கிட்டேன்னு தெரியுற வரைக்கும் என்னால மூச்சு விட முடியாது குன்வோர். நெஜமா. நான் நடிக்கல."

அவர் நடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் இத்தனை வருஷமும் அவளைக் கட்டிப்போட்டிருந்தது. கயிறாக இருந்திருந்தால் எப்போதோ அறுத்திருப்பாள்.

"அப்ப மூச்சு விடாம இரு. அஞ்சு மணி நேரம்தான்" என்றாள்.

தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அவர் கைப்பிடியை விட்டார்.

"அவங்களுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றார்.

"சரி" என்றாள். பழைய வாக்கின் மேல் புது வாக்கு ஒன்று ஏறி உட்கார்ந்தது.

விமானத்தில் நடு இருக்கைதான் கிடைத்தது. இரண்டு பக்கமும் அகலமான ஆட்கள். மேகம் தெரியவில்லை, ஜன்னல்காரர் திரையை இறக்கிவிட்டுத் தூங்கினார். ஹோல்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு அவள் நெஞ்சின் மேலேயே இருந்தது. இறங்கியதும் முதல் வேலையாகச் சேதி அனுப்பினாள். "இறங்கிட்டேன்." உடனே பதில் வந்தது. "சரி." அவர் அதுவரை ஹாம்பர்க் நிலையத்து பெஞ்சிலேயே, பிடிக்கவேண்டிய ரயிலையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

மருத்துவமனையில் மாய் தலையணையில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம். அக்காவைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"உன் முடியை யாரு வெட்டுனது? பீட்ரூட் அறுக்குற மெஷினா?"

"நானேதான்."

"அதான் பாத்தேன். நான் பொழைச்சா முதல் வேலை அதுதான்."

மறுநாள் அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது குன்வோர் கதவு வரை கூடவே நடந்தாள். மருந்து ஏறுகிற நேரம் மாயின் கை மேலே வந்து எதையோ தேடியது. குன்வோர் குனிந்து காதைக் கொடுத்தாள்.

மாய் பிழைத்தாள்.

ஒரு வாரம் கழித்து ஹோல்கர் கப்பலில் வந்து இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. மாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "மாமன் வந்துட்டாரு, இனி அடக்கம் பண்றதுக்கு ஆள் இருக்கு" என்றாள் மாய். அவர் சிரித்தார். பிறகு, வராந்தாவில், வழியெல்லாம் நூலகத்துக்குச் சேதி அனுப்பிக்கொண்டே வந்ததை மெல்லக் குன்வோரிடம் சொன்னார். 'லியோனில் இருக்கிறோம். குன்வோருக்கு இங்குள்ள பாலாடைக்கட்டி பிடித்திருக்கிறது.' 'காடிஸ் வந்துவிட்டோம். குன்வோர் துறைமுகத்தில் காற்று வாங்குகிறாள்.'

"நீலத்தையும் நகர்த்துனாங்களா?"

"நகர்த்தியிருப்பாங்க" என்றார்.

அவர் முன்னாலேயே கிளம்பிவிட்டார். அவள் மாயை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, கோபன்ஹேகனுக்குப் பறந்தாள். அங்கே விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம். ஹோல்கர் பெட்டியோடு நடைமேடையில் காத்திருந்தார். மேலே வந்து அவளைக் கூட்டிப்போக நகரும் படிக்கட்டு வரை வந்தாராம். காலை வைக்க முடியவில்லையாம். இருவரும் ரயிலேறி, பாலம் தாண்டி, லிண்டபியில் ஒன்றாக இறங்கினார்கள். சோல்வெய்க்கும் டோர்ஸ்டெனும் மற்றவர்களும் கையில் குட்டிக் குட்டிக் கொடிகளோடு நின்றார்கள்.

"களைப்பா இருக்கியா குன்வோர்? இவ்வளவு தூரம் உக்காந்து வந்திருக்க" என்றாள் சோல்வெய்க்.

"கொஞ்சம்" என்றாள் குன்வோர்.

"அடுத்த கூட்டத்துல நீதான் பேசணும். ஹோல்கர் பேசி நிறையக் கேட்டாச்சு. கூடவே போற பொண்ணு என்ன பாத்தான்னு யாரும் கேட்டதே இல்ல. அந்தக் கப்பலைப் பத்திச் சொல்லு. போதும்."

வட்டம் அவளைப் பேசச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் அவள் ஏறாத கப்பலைப் பற்றி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் ஹோல்கர் சமையலறை மேசையில் அவளுக்குப் பாடம் நடத்தினார். "சாப்பாட்டுக் கூடத்துல நாற்காலி என்ன நிறம்?"

"பச்சை."

"தீவு எந்தப் பக்கம் தெரிஞ்சது?"

"இடது."

"வலது. வலதுன்னு சொன்னேன்ல? விடியுறப்ப, வலது பக்கம்." அவர் கோபிக்கவில்லை, வகுப்பில் மக்குப் பிள்ளையிடம் பொறுமையாகப் பேசுவது மாதிரி பேசினார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு யாரும் அவளைப் பாடம் கேட்டதில்லை. அவள் இரவில் படுக்கையில் நாற்காலி பச்சை, தீவு வலது என்று சொல்லிப்பார்த்தாள். சொல்லச் சொல்ல அந்தக் கப்பலுக்குள்ளே பூட்டப்பட்டது போல இருந்தது. மாயின் கை தன் காதைத் தேடியது மட்டும் அந்தப் பாடத்தில் எங்கேயும் இல்லை. அது நடந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கூட்டத்தன்று ஏலக்காய் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள். வரைபடத்தில் சிவப்பும் நீலமும் காடிஸிலிருந்து கடலைக் கடந்து தீவில் ஒன்றாகக் குத்தியிருந்தன. நூலகத்து ஜன்னல்கள் திறந்திருந்தன. சோல்வெய்க் அவளை முன்னால் நிற்க வைத்தாள்.

"நாற்காலி..." என்றாள் குன்வோர். எல்லாரும் புன்னகைத்தார்கள். ஹோல்கர் உதடு அசைத்து உதவினார்: பச்சை.

"நான் கப்பல்ல போகல" என்றாள். "ஹாம்பர்க்லேர்ந்து விமானத்துல போனேன். திரும்பி வந்ததும் அதுலதான்."

ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. சோல்வெய்க்தான் முதலில் வாய் திறந்தாள். அப்போதும் அவள் அதைக் கேட்கவில்லை. "தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றாள்.

"நடக்குறா."

"நல்லது. அது நல்ல விஷயம்."

டோர்ஸ்டென் மட்டும் பஸ் ஓட்டியவன், எங்கே போகவேண்டும் என்று நேராகக் கேட்டே பழகியவன். "அப்ப ஹோல்கர் அனுப்புன சேதி?" என்றான்.

ஹோல்கர் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து சிவந்துவிட்டது. குன்வோரின் நாக்கு நுனியில் மயோர்க்கா இருந்தது. நனைந்த கால்சட்டையும், கம்பளிச் சட்டையும், பெஞ்சில் பிடித்து வைத்த மூச்சும் இருந்தன. ஒரு வாக்கியம் போதும். சொன்னால் இருவரும் வெளியே வந்துவிடலாம். அவள் அவர் கழுத்தைப் பார்த்தாள்.

"நான்தான் அப்படி அனுப்பச் சொன்னேன்" என்றாள். "அவருக்குப் பிடிக்கல. நடைமேடையிலயே என் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு விடல. அவர் கொள்கையில உறுதியா நின்னாரு. நான்தான் கேக்கல."

அப்போது நூலகத்தின் மேலாக ஒரு விமானம் போனது. ஹோல்கரின் கோப்பை பாதி வழியில் நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். சோல்வெய்க்கின் கண் கலங்கிவிட்டது. தலைகள் குனிந்தன. சத்தம் தேயும் வரை குன்வோர் முன்னால் தனியாக நின்றாள்.

பிறகு காபி. நல்ல மனிதர்கள் எல்லாரும். வானிலையைப் பற்றி அவளிடம் பேசினார்கள். கேக் யாரும் தொடாமல் மேசையில் இருந்தது. கிளம்புகிற நேரம் டோர்ஸ்டென் வந்து ஒரு துண்டை எடுத்தான், நின்றபடியே தின்றான். "மேகமெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று யாருக்கும் கேட்காமல் கேட்டான்.

"போறப்ப தெரியல" என்றாள். "வர்றப்ப ஜன்னல் கிடைச்சுது."

தட்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருமுனையில் ஹோல்கர், "நீ அப்படிச் சொல்லியிருக்க வேணாம்" என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்கிறாரா, கப்பலைச் சொல்லியிருக்கலாம் என்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதான்.

இப்போது குன்வோர் வசந்தத்தில் ஒரு தடவையும் இலையுதிர் காலத்தில் ஒரு தடவையும் மாயிடம் பறந்து போகிறாள். மாய் அவளுக்கு முடி வெட்டிவிடுகிறாள். அவள் மேலே இருக்கிற நேரமெல்லாம் ஹோல்கர் சமையலறையில் ஆறிப்போன கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். "இறங்கிட்டேன்" என்ற சேதி வந்த பிறகு எழுந்து வேலையைப் பார்க்கிறார். அவர் பக்கத்து ஊர்களிலும் போய் ரயில் பயணம் பற்றிப் பேசுகிறார். இப்படி ஒரு மனைவி வாய்த்தும் மனிதர் மாறவில்லையே என்று அவர் பேச்சைக் கேட்க வருகிறவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். கோடையில் இருவரும் வழக்கம்போல ரயிலில் போகிறார்கள், ஜன்னலோரம் அவளுக்கு. வட்டத்தில் அவள் முறை வரும்போது அவள் கேக் கொண்டுபோகிறாள், முக்கால்வாசி திரும்பி வருகிறது. நீலக் குண்டூசி நூலகத்து இழுப்பறையில் கிடக்கிறது. ஹோல்கர் ஏன் பறப்பதில்லை என்று லிண்டபியில் இன்னும் யாருக்கும் தெரியாது.